மெசினுக்கு நெற்றி எது

என் மச்சாள் மீனாம்பிகையைப் பற்றிப் பேச்சு வந்தால் ஊரில் எல்லோரும் அவருடைய பொறுமையைத்தான் முதலில் எடுப்பார்கள். அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பொறுமை என்பது மச்சாளிடம் மருந்துக்கும் கிடையாது. இருந்ததெல்லாம் பிடிவாதம். வாய் திறக்காத பிடிவாதக்காரியைப் பார்த்து ஊர் பொறுமைசாலி என்று பெயர் வைத்துவிட்டது.

எனக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியும். நான் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்தவள். பொறுமையான நோயாளி கசப்பு மருந்தைக் குடித்துவிட்டுப் படுப்பார். பிடிவாதக்கார நோயாளி "ஓம் மிஸ்" என்று வாங்கி வைத்துக்கொண்டு, நாங்கள் அடுத்த கட்டிலுக்குப் போனதும் யன்னலுக்கு வெளியே ஊற்றுவார். மச்சாள் இந்த இரண்டாவது வகை. அவர் "ஓம்" என்று சொன்னால் கேட்டவர்கள் கவனமாக இருக்கவேண்டும்.

தென்மராட்சியிலிருந்து பண்டத்தரிப்புக்கு எங்கள் வீட்டு மருமகளாக வந்தவர் அவர். என் சின்னண்ணை கனகசபாபதியின் மனைவி. சின்னண்ணைக்குத் தோட்டம்தான் உலகம். ஒருநாள் கிணற்றடியில் "நெஞ்சுக்குள்ளை என்னவோ செய்யுது" என்று குந்தியவர் பிறகு எழும்பவில்லை. ஊரார் நாடியெல்லாம் பிடித்துப் பார்த்த நான் அன்றைக்கு டவுனில் வேலையில் நின்றேன். அந்த வருத்தம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. மச்சாளுக்கு அப்போது முப்பது சொச்சம் வயது. மகள் சரோஜினி பாலர் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள்.

அண்ணை விட்டுப்போனது அரை ஏக்கர் வரும் எட்டுப் பரப்புத் தோட்டமும் ஒரு கிணறும். எங்கள் தகப்பன் வழி முதுசம். வெளிநாட்டு வெங்காயமும் மிளகாயும் வராமல் அரசாங்கம் மறித்திருந்த எழுபதுகளின் நடுப்பகுதி அது. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரன் நிமிர்ந்து நடந்த காலம். எட்டுப் பரப்பில் ஒழுங்காக வெங்காயம் வைத்தால் ஒரு குடும்பம் யாரிடமும் கைநீட்டாமல் வாழலாம்.

ஆனால் ஒழுங்காக வைக்க மச்சாளை விட்டால்தானே. அண்ணையின் மாடுகள் கிழடாகிப் போனதால் உழவைக் கூலிக்குத்தான் பிடிக்கவேண்டியிருந்தது. மாரி மழை விட்டு மண் பதமாக இருப்பது கொஞ்ச நாட்கள்தான். அந்த நாட்களில் உழவுகாரர்கள் ஊரிலுள்ள தோட்டமெல்லாம் சுற்றி முடித்து, கடைசியாகத்தான் மச்சாளின் படலையைத் திறப்பார்கள். கைம்பெண்ணின் நிலத்தில் முதலில் ஏர் வைத்தால் மற்ற இடத்துக்கு ராசியில்லையாம். அதற்குள் மண் இறுகிவிடும். வெங்காயம் பிந்திவிடும். மற்றவர்கள் லொறியில் ஏற்றும்போது மச்சாளின் வெங்காயம் கோலிக்குண்டு அளவில் மண்ணுக்குள் கிடக்கும்.

இப்படி இரண்டு போகம் போனதும் என் பெரியண்ணை சோமசேகரம் வந்து கதிரையில் உட்கார்ந்தார். பெரியண்ணையைக் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். தம்பியின் பிள்ளை பசியோடு படுத்தால் அவருக்குச் சோறு இறங்காது. ஆனால் தன் புத்திக்கு எட்டாத வழி ஒன்று உலகத்தில் இருக்கலாம் என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை.

"பிள்ளை, காணியை என்னட்டைக் குத்தகைக்கு விடு" என்றார். "விளைச்சலிலை உனக்கும் உன்ரை பெட்டைக்கும் ஒரு குறையும் வைக்கமாட்டன். பொம்பிளை தனியத் தோட்டம் செய்து ஆர் கண்டது?"

சகோதரங்களுக்குள் குத்தகைக்குப் போன காணி திரும்பி வந்ததை எங்கள் பக்கத்தில் நான் கண்டதில்லை. முதலில் வேலி கொஞ்சம் நகரும். பிறகு கிணற்றுப் பங்கு நகரும். பிள்ளை வளர்ந்து கேட்கும்போது, "அது அப்பவே எங்களோடை சேர்ந்ததெல்லோ" என்று யாராவது சொல்லுவார்கள். அது மச்சாளுக்கும் தெரியும்.

"ஓம் பெரியத்தான், யோசிக்கிறன்" என்றார் மச்சாள்.

யோசித்தார். கழற்றிப் பெட்டிக்குள் வைத்திருந்த தாலிக்கொடியை விற்று, இரண்டு சில்லு வைத்த சின்ன உழவு மெசின் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து முற்றத்தில் நிறுத்தினார். பெரியண்ணை அதைச் சுற்றி வந்து பார்த்த பார்வையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கொம்பும் இல்லை, வாலும் இல்லை, எந்தப் பக்கம் நின்று அதட்டுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

 பிறகு சொன்னார்: "சரி. மாரி விட்டதும் எட்டுப் பரப்பையும் இந்தச் சாமானாலை நீயே உழுது முடி. முடிச்சால் நான் இனிக் குத்தகைக் கதை எடுக்கமாட்டன். முடிக்காட்டி, தைப்பூசத்தண்டு காலமை நான் மாட்டோடை வருவன். அண்டைக்கு நாளும் நல்லது."

"ஓம்" என்றார் மச்சாள்.

மெசினைப் பிள்ளையார் கோவிலுக்குத் தள்ளிக்கொண்டு போனோம். ஐயர் தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, சந்தனக் கிண்ணத்தோடு மெசினுக்கு முன்னால் வந்து நின்றார். மாட்டுக்கு நெற்றி இருக்கிறது, காருக்கும் முன்பக்கம் இருக்கிறது. இதற்கு நெற்றி எது? ஐயர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார். எல்லாவற்றுக்கும் உச்சியில் வட்டமாக, பளபளவென்று, பெற்றோல் ஊற்றுகிற ராங்கின் மூடி இருந்தது. அதன் நட்டநடுவில் சந்தனத்தை அப்பி, மேலே குங்குமம் வைத்தார். எல்லோருக்கும் திருப்தி. இவ்வளவு பொருத்தமான நெற்றி வேறெங்கும் கிடைத்திருக்காது.

அதிலிருந்து ஒவ்வொரு வெள்ளியும் மச்சாள் முழுகிவிட்டு வந்து, கல்லில் சந்தனம் அரைத்து, ஐயர் வைத்த அதே இடத்தில் மெசினுக்குப் பொட்டு வைப்பார். அவருடைய குங்குமச் சிமிழ் அண்ணை போன நாளிலிருந்து மூடிக் கிடந்தது. மகளுக்குக் கறுத்த பொட்டு போதும். அந்தச் சிமிழைத் திரும்பத் திறக்க அவருக்கு ஒரு இடம் கிடைத்தது. நான் லீவில் வந்த ஒரு வெள்ளி அவர் பொட்டு வைப்பதைப் பார்த்தேன். விரல் அந்த மூடியில் கொஞ்சம் அதிக நேரம் நின்றது. 

பெரியண்ணையும் அதை ஒருநாள் வேலிக்கு மேலால் கண்டிருக்கிறார். "பிள்ளை, மனம் நோகாதை. நல்ல காரியத்துக்கு உன்ரை கையாலை பொட்டு வைக்கிறது சரியில்லை. ஒரு சுமங்கலியைக் கூப்பிட்டு வைப்பியன்" என்றார். குரல் மெதுவாகத்தான் இருந்ததாம். மெதுவாகச் சொன்னால் குத்தாது என்று யார் இவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியவில்லை.

"ஓம் பெரியத்தான்" என்றார் மச்சாள். அடுத்த வெள்ளி பொட்டு இன்னும் தடிப்பாக விழுந்தது.

மார்கழியில் மழை கொஞ்சம் விட்டதும் மச்சாள் சேலையை வரிந்து செருகிக்கொண்டு மெசினைத் தோட்டத்தில் இறக்கினார். கயிற்றைச் சுற்றி இழுத்தார். பிடித்தது. வேலி முழுக்கத் தலைகள். மண் புரண்டு வர, மச்சாள் பிடியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தார். ஒரு சால் போனது, இரண்டாவது போனது. மூன்றாவதின் நடுவில் எஞ்சின் இருமியது, திக்கியது, நின்றுவிட்டது. கயிற்றைச் சுற்றி இழுத்தார். எஞ்சின் சுழன்றது, பிடிக்கவில்லை. திரும்பத் திரும்ப இழுத்தார். கை எரிந்ததுதான் மிச்சம். வேலியில் இருந்த தலைகள் ஒவ்வொன்றாக இறங்கின.

சந்தியில் சைக்கிளும் தண்ணீர்ப் பம்பும் திருத்துகிற நாகலிங்கம் வந்தார். வாய் ஓயாத மனிதர். வந்ததும் மூடியைத் திறந்து பெற்றோல் இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. மூடினார். பிளக்கைக் கழற்றித் துடைத்துப் பூட்டினார். இழுத்தார். பிடித்தது.

"பிளக்கிலை கரி, தங்கச்சி" என்றார். "இனிப் பிரச்சினையில்லை."

அடுத்த நாள் காலையில் ஓடியது. கொஞ்சத்தில் நின்றது. நாகலிங்கம் வந்தார், பெற்றோலைப் பார்த்தார், இந்தமுறை உள்ளே பொறி வருகிற இடத்தை அரத்தாள் போட்டுத் தேய்த்தார். பிடித்தது. "இப்பதான் உண்மையான பிழை அகப்பட்டது" என்றார். அதற்கடுத்த முறை காபரேற்றரைக் கழற்றிக் கழுவினார். பிடித்தது. "அப்ப காபரேற்றர்தான்" என்றார். அவர் கை வைத்த இடமெல்லாம் குணமானது. அவர் தன் சைக்கிளில் ஏறிச் சந்தியைத் தாண்டும்போது நோய் திரும்பி வந்தது.

ஆஸ்பத்திரியில் இதை நான் எத்தனை தரம் பார்த்திருக்கிறேன். காய்ச்சல் தானாக இறங்கும் நேரம் யார் கட்டிலடியில் நிற்கிறாரோ அவர்தான் கெட்டிக்கார டாக்குத்தர். நாகலிங்கத்தை நான் குறை சொல்லவில்லை. அவர் ஏமாற்றவில்லை. மெசின்தான் அவரை ஏமாற்றியது.

ஊர் சும்மா இருக்குமா? கண்ணூறு என்றார்கள். மச்சாள் செத்தல் மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டார். பிறகு மெசினுக்கு இன்னும் கொஞ்சம் சந்தனம். அடுத்த நாளும் நின்றது. அடுத்த நாளும் சந்தனம். அது மோசமாக மோசமாக மச்சாள் பொட்டை வளர்த்தார். பொட்டு வளர வளர அது இன்னும் மோசமானது. இதை இப்போது சொல்லும்போது சிரிப்பு வருகிறது. அப்போது ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

தைப்பொங்கல் முடிந்து பட்டிப்பொங்கல் வந்தது. பெரியண்ணையின் மாடுகள் கொம்பு பூசி, மாலை போட்டு நின்றன. மச்சாளின் பட்டியில் மாடு இல்லை. அவர் மெசினைக் கழுவி, செவ்வரத்தம்பூ மாலை கட்டிப் போட்டு, சந்தனம், குங்குமம் வைத்து, அதற்கு முன்னால் பொங்கினார். பொங்கல் கொண்டுவந்த பெரியண்ணை பார்த்துக்கொண்டு நின்றார்.

"எங்கை, ஒருக்கா ஓட்டிக் காட்டு பாப்பம்" என்றார்.

மச்சாள் ஓட்டிக் காட்டினார். தோட்டத்தின் ஒரு கரைக்குப் போய்ச் சேரவில்லை. மாலையோடு நடுவில் நின்றுவிட்டது. மச்சாள் இழுத்தார், இழுத்தார். கயிறு அறுந்தது.

பெரியண்ணை சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட நல்லது. "நான் சொன்னனான் பிள்ளை, பொட்டு உன்ரை கையாலை வேண்டாமெண்டு" என்றார். "போகட்டும். தைப்பூசத்தண்டு வாறன்."

மச்சாள் ஒன்றும் சொல்லவில்லை. "ஓம்" என்றும் சொல்லவில்லை. அதைச் சரோஜினி எனக்குச் சொன்னபோதுதான் நான் பயந்தேன்.

என் மூளையில் அப்போது வந்து நின்றவர் குருநகர் கனிசியஸ். படகு எஞ்சின் திருத்துகிறவர். அவருடைய தாய் என் வார்ட்டில் நெடுநாள் கிடந்து சுகமாகிப் போனவர். அதிலிருந்து அவர் என்னை எங்கே கண்டாலும் சைக்கிளை விட்டு இறங்குவார். கேட்டதும், "கரையிலை ஓடுற எஞ்சின் எனக்குப் பழக்கமில்லை மிஸ். ஆனா வாறன்" என்றார். தைப்பூசத்துக்கு முதல்நாள் மத்தியானம் ஒரு சாமான் பையோடு என்னுடன் பஸ் ஏறினார்.

கனிசியஸ் அதிகம் கதைக்காதவர். மெசினை ஒரு சுற்றுப் பார்த்தார். மச்சாள் புதுக் கயிற்றைச் சுற்றி இழுத்துக் காட்டினார். சுழன்றது, பிடிக்கவில்லை. கனிசியஸ் ராங்க் மூடியைத் திருகித் திறந்தார். திறக்கும்போது உள்ளேயிருந்து ஸ்ஸ் என்று ஒரு சின்னச் சத்தம் வந்தது. யாரோ அடக்கி வைத்திருந்த மூச்சை இழுத்ததுபோல. நாகலிங்கம் திறந்தபோதெல்லாம் அவர் பேசிக்கொண்டிருந்தபடியால் அதை ஒருவரும் கேட்டதில்லை. கனிசியஸ் பெற்றோலைப் பார்த்தார், மூடினார், பைக்குள் நட்டுக் கழற்றுகிற சாவியைத் தேடினார். தேடியவர் ஏதோ நினைத்துக்கொண்டு, சாவியை எடுக்காமலே கயிற்றைச் சுற்றி ஒரு இழுவை இழுத்தார். எஞ்சின் பிடித்துக்கொண்டது.

எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. கனிசியஸ் முகம் மட்டும் சுருங்கிப்போனது. ஓடுகிற எஞ்சினைத் தானே நிறுத்தினார்.

"அக்கா, நான் ஒண்டும் செய்யேல்லை" என்றார் மச்சாளிடம். "மூடியைத் திறந்தன், மூடினன். அவ்வளவுதான். செய்யாத வேலைக்குக் குணமாகிற எஞ்சின் திரும்பவும் நிக்கும். எனக்கு உது பிடிக்கேல்லை."

கனிசியஸ் அதைச் சொல்லாமல், இங்கே ஒரு தட்டு, அங்கே ஒரு தட்டுத் தட்டி, "சரி" என்று பஸ் ஏறியிருக்கலாம். அந்த மனிதன் தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொன்னபடியால்தான் பிறகு நடந்தது நடந்தது. எத்தனையோ பெரிய டாக்குத்தர்களிடம் இந்தக் குணத்தை நான் தேடியிருக்கிறேன்.

"தேத்தண்ணி போடுறன், இருங்கோ" என்று மச்சாள் குசினிக்குள் போனார். நானும் பின்னால் போனேன். சீனி கூப்பனில் கிடைக்காத நாட்கள். விருந்தாளி வந்தால் உடைக்க என்று வைத்திருந்த ரின்பாலை, தகரத்தில் அடைத்த இனிப்புக் கட்டிப்பாலை, மச்சாள் எடுத்தார். ஆணியை வைத்து அம்மிக் குழவியால் ஒரு தட்டு. ஓட்டை விழுந்தது. கோப்பைக்கு மேல் கவிழ்த்தார். பால் ஒரு சொட்டு எட்டிப் பார்த்து, அப்படியே நின்றது.

மச்சாள் வழக்கம்போல ரின்னை நிமிர்த்தி, எதிர்ப்பக்கத்தில் இரண்டாவது ஓட்டையைப் போட்டார். கவிழ்த்தார். பால் நூலாக இறங்கியது.

இறங்கிக்கொண்டே இருந்தது. கோப்பை நிரம்பி, தட்டில் வழிந்து, மேசையில் ஓடியது. மச்சாள் ரின்னைப் பிடித்தபடி பாலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மச்சாள், பால் போகுது" என்றேன்.

"ஒரு ஓட்டையாலை வராது, பத்மா" என்றார், எனக்கு இல்லை, ரின்னுக்குச் சொல்வதுபோல. "காத்துப் போக மற்ற ஓட்டை வேணும்."

எனக்கு என் வார்ட்டு நினைவுக்கு வந்தது. சேலைன் போத்தல். நாள்தோறும் என் கையால் தலைகீழாகத் தொங்கவிடுகிற கண்ணாடிப் போத்தல். காற்றுப் போக அதற்குள் இன்னொரு ஊசி குத்தாவிட்டால் ஒரு சொட்டும் இறங்காது. எத்தனை வருசம் குத்தியிருப்பேன். கையில் இருந்ததை வீடெல்லாம் தடவித் தடவித் தேடிய கதை என்னுடையது.

மச்சாள் ரின்னைக் கையில் பிடித்தபடியே வெளியே ஓடினார். அவர் ஓடி நான் கண்டது அன்றைக்குத்தான். "கனிசியஸ் அண்ணை, உந்த மூடியிலை காத்துப் போறதுக்கு எங்கையாவது ஓட்டை இருக்கோ?"

கனிசியஸ் குந்தியிருந்தவர் எழும்பினார். மூடியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். மேலே கார்த்திகையிலிருந்து படிந்த சந்தனம், சுண்ணாம்பு போலக் காய்ந்து, அதற்கு மேல் குங்குமம், அதற்கு மேல் சந்தனம். மச்சாள் சட்டையில் குத்தியிருந்த ஊசியைக் கழற்றிக் கொடுத்தார். அவர் சுரண்டினார். பொருக்குப் பொருக்காக விழுந்தது. அடியில் நட்டநடுவில், ஊசி நுழைகிற அளவில் ஒரு துளை.

கனிசியஸ் தன் நெற்றியில் அடித்துக்கொண்டார். "படகு ராங்கிலை காத்துக்கு ஒரு திருகுப் புரி இருக்கு மிஸ். அதைத் திறக்காமல் ஒருநாளும் நான் எஞ்சினைத் தொடுறேல்லை. அது எனக்கு மூளைக்கை வரேல்லையே" என்று சிரிக்கத் தொடங்கினார். அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன்.

மச்சாள் சிரிக்கவில்லை. நிலத்தில் கிடந்த சந்தனப் பொருக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார். முகம் வெளிறிப் போயிருந்தது.

"அப்ப என்ரை பொட்டுத்தான்" என்றார். "பெரியத்தான் சொன்னது சரி."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யாரிடம் காட்டுவது என்றுதான் தெரியவில்லை. நான் வாயைத் திறக்கமுதல் கனிசியஸ் சொன்னார்: "அக்கா, எங்கடை படகிலையும் அந்தோனியார் படம் ஒட்டித்தான் இருக்கு. தினம் மாலை போடுறம். ராங்க் மூடியிலை ஒட்டுறேல்லை. பொட்டிலை ஒரு பிழையும் இல்லை, வைச்ச இடந்தான் பிழை. இதே இடத்திலை ஆர் வைச்சாலும் எஞ்சின் நிக்கும்."

"முதல் வைச்சது ஐயர்" என்றேன் நான். "அவர் கைம்பெண்ணோ?"

மச்சாள் என்னைப் பார்த்தார். உதட்டோரம் மெல்ல அசைந்தது. பிறகு சேலையை வரிந்து செருகினார்.

அந்தப் பின்னேரத்தை என் சீவியத்தில் மறக்கமாட்டேன். கயிறு ஒருக்கா இழுபட்டது. மெசின் தோட்டத்துக்குள் இறங்கியது. ஒரு சால், இரண்டு சால், மூன்றாவதின் நடுப்பகுதி வந்தது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். அது தாண்டிப் போனது. திரும்பியது. திரும்பவும் போனது. பெற்றோல் முடிய, ஊற்றி, மூடித் தொடர்ந்தார். கனிசியஸ் கடைசி பஸ்ஸுக்குப் போகவேண்டியவர், போகமுடியாமல் வேலியடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சந்தியிலிருந்து நாகலிங்கமும் சத்தம் கேட்டு வந்து, துளையைப் பார்த்து, கொஞ்சநேரம் உண்மையாகவே வாய்பேசாமல் நின்றார். பொழுது சாய, எட்டுப் பரப்பும் புரண்டு கிடந்தது. படலையோரம் ஒரு துண்டைத் தவிர.

"அதையும் முடிச்சிடுங்கோவன்" என்றேன்.

"விடியப் பெரியத்தான் வருவர்" என்றார் மச்சாள். "அவருக்குக் காட்ட ஒண்டும் இல்லாமல் போகக்கூடாது."

பொறுமையாம், பொறுமை.

தைப்பூசத்தன்று காலமை பெரியண்ணை சொன்னபடியே வந்தார். மாட்டுக்கு மாலை, கலப்பைக்கு மாலை, நெற்றியில் பட்டை திருநீறு. படலையைத் திறந்தவர் அப்படியே நின்றார். மச்சாள் தோட்டத்தின் தூரக் கரையிலிருந்து மெசினைக் கொண்டுவந்து, மிச்சத் துண்டில் இறக்கி, உழுதுகொண்டே அவரை நோக்கி வந்தார். மாடுகள் மிரண்டு பின்வாங்கின. பெரியண்ணையின் காலடிவரை மண் புரண்டு வந்தது. அங்கே எஞ்சின் நின்றது.

"பாத்தியோ, நிண்டிட்டுது" என்றார் பெரியண்ணை. குரலில் வெற்றிகூட இல்லை. பழகிப்போன கவலைதான் இருந்தது.

"நிக்கேல்லை. நான் நிப்பாட்டினனான்" என்றார் மச்சாள். கயிற்றை எடுத்து அவரிடம் நீட்டினார். "நீங்களே ஒருக்கா இழுத்துப் பாருங்கோ, பெரியத்தான்."

வேலி முழுக்கத் தலைகள். மாட்டுக் கயிற்றை என் கையில் தந்துவிட்டுப் பெரியண்ணை குனிந்து இழுத்தார். முதல் இழுவையில் பிடித்தது. அவர் திடுக்கிட்டுக் கையை எடுத்தார். பிறகு அந்தச் சத்தத்தைக் கேட்டபடி நின்றார்.

"என்ன பிழையாம்?" என்று கேட்டார்.

மறைத்துவிடுவார் என்றுதான் நான் நினைத்தேன். மச்சாள் மறைக்கவில்லை. "பொட்டு அடைச்சிருந்தது. மூடியிலை காத்துப் போற ஓட்டையை" என்றார். பெரியண்ணையின் வாய் திறந்தது. அது முழுக்கத் திறக்கமுதல் மச்சாள் சொன்னார்: "ஐயர் வைச்ச இடம். நான் அதிலைதான் பிறகு பிறகு வைச்சனான்."

பெரியண்ணை ஐயரைக் குறைசொல்லும் ஆள் இல்லை. மாடுகளைத் திருப்பிக்கொண்டு போனார். குத்தகைக் கதை அதோடு முடிந்தது. மாரி அந்த வருசம் தைவரை இழுபட்டதால் மற்றவர்கள் அப்போதும் உழவுகாரருக்குக் காத்துநின்றார்கள். அந்தப் போகம் மச்சாளின் வெங்காயம் எல்லோருடைய வெங்காயத்துக்கும் முதல் லொறி ஏறியது. லொறி போன அன்று பின்னேரம் நானும் மச்சாளும் கிணற்றுக் கட்டில் இருந்து, காரணமில்லாமல் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம்.

அடுத்த மாரியில் மற்றவர்களும் மச்சாளிடம் உழவுக்கு வந்தார்கள். யாருடைய தோட்டத்துக்கு முதல் போவது, யாருடையதுக்குக் கடைசியாகப் போவது என்பதை இப்போது அவர்தான் தீர்மானித்தார். முதல் உழவு கீழைத் தெருவில் புருசனை இழந்த இராசமலருடைய சின்னத் துண்டுக்கு. ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் மச்சாள் "ஓம்" என்றுதான் சொல்லியிருப்பார்.

எழுபத்தேழுக்குப் பிறகு இறக்குமதிக் கதவுகள் திறந்து மெசின்கள் தாராளமாக வந்தன. பெரியண்ணை மாடுகளை விற்றார். ஒரு வெள்ளிக்கிழமை காலமை, நான் லீவில் நின்ற நேரம், மச்சாளின் படலையடியில் புது மெசின் ஒன்று வந்து நின்றது. பின்னால் பெரியண்ணை, கோவிலுக்குப் போகும் வேட்டி சால்வையோடு. கையில் ஒரு தட்டு. தட்டில் அரைத்த சந்தனம், அவருடைய மனைவியின் குங்குமச் சிமிழ்.

"கோயிலுக்கோ போறியள் அண்ணை?" என்று கேட்டேன்.

"போவம்" என்றார். என்னைப் பார்க்கவில்லை. மச்சாளைப் பார்த்து, தட்டை நீட்டினார். அந்த மனிதர் தன் சீவியத்தில் யாரிடமும் அவ்வளவு மெதுவாக ஒன்றைக் கேட்டு நான் கண்டதில்லை. "முதல் நீ வைச்சுவிடு, பிள்ளை."

மச்சாள் உடனே கை நீட்டவில்லை. மெசினுக்குக் கிட்டப் போய், ராங்க் மூடியைக் குனிந்து பார்த்தார். துளை எங்கே இருக்கிறது என்று விரலால் தொட்டு அறிந்தார். பிறகு சந்தனத்தைத் தொட்டு, பிடியில் ஒரு பக்கமும் மறுபக்கமும் வைத்து, மேலே குங்குமம் இட்டார்.  

பெரியண்ணை குனிந்து கயிற்றைச் சுற்றி இழுத்தார். முதல் இழுவையில் பிடித்தது.